ஃபுகுவோகாவில் கோப்பிக் கடையில் இருந்து கொழும்பு வேலையைச் செய்யலாமா?

கேள்வி: கொட்டகலைத் தூறல்

வணக்கம். கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். கணவருக்கு ஜப்பானில் கியூஷு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவர் முதலில் போய் வீடு பார்த்த பிறகு நானும் ஃபுகுவோகா போவதாக இருக்கிறோம். ஒபிஸில் கேட்டேன், வேலை நடந்தால் சரி, எங்கே இருந்து செய்தாலும் பரவாயில்லை என்கிறார்கள்.

நாங்கள் எடுக்கப்போவது ஒற்றை அறை வீடு. அவர் படிக்க வேண்டும், நான் பக்கத்தில் இருந்து போனில் கதைத்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருக்கும் சரிவராது. அதனால் அங்கே உள்ள ஸ்பெஷல்டி கோப்பிக் கடைகளில், அதாவது நல்ல கொட்டையைத் தேர்ந்தெடுத்துப் பக்குவமாக வடித்துத் தருகிற கடைகளில் இருந்து வேலை செய்யலாமா என்று யோசிக்கிறேன். இங்கே வீட்டில் சிக்னல் இழுக்காத நாளிலோ கரண்ட் போன நாளிலோ ஹட்டன் டவுனுக்கு இறங்கி ஒரு கடையில் லெப்டொப்பைத் திறந்து வைத்தால் பின்னேரம் வரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், இரண்டு தரம் ஏதாவது வாங்கிக் குடித்தால் போதும். அங்கேயும் அப்படியா? ஒரு கோப்பி எவ்வளவு வரும்? சார்ஜ் போட பிளக் இருக்குமா? எனக்குத் தினமும் பின்னேரம் 4 மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கிறது, அதைக் கடையிலேயே பேசலாமா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோப்பி உண்மையாகவே பிடிக்கும், ஒரு மேசைக்காக மட்டும் கேட்கவில்லை. அங்கே கையால் ஊற்றி ஊற்றி வடித்துக் கொடுக்கிற கோப்பியை நல்லதொரு கடையில் குடித்துப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அங்கே இருந்து வந்தவர்கள், இப்போது இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.


பதில்: தலவாக்கலை ரயில்

தங்கச்சி, முதலில் வாழ்த்துகள், அவருக்கும் சொல்லுங்கள். நான் ஃபுகுவோகாவில் படித்தவன், இப்போது ஊரோடு வந்துவிட்டேன்.

கோப்பி குடிக்கத் தாராளமாகப் போகலாம், கூடவே ஒரு மணித்தியாலம் ஒன்றரை மணித்தியாலம் வேலையும் பார்க்கலாம், ஆனால் ஸ்பெஷல்டி கடையை ஒபிஸ் மாதிரி வைத்துக்கொள்ள முடியாது. கடைகளின் அளவு அப்படி. பெரும்பாலானவை ஒருவரோ இருவரோ நடத்துகிற சின்னக் கடைகள், பத்துக் கதிரை இருந்தால் பெரிய விஷயம், கொட்டை வறுக்கிற மெஷினே பாதி இடத்தைப் பிடித்திருக்கும், சில கடைகளில் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போக வேண்டியதுதான். லெப்டொப் வேண்டாம் என்று மேசையில் அட்டை வைத்திருப்பார்கள், அல்லது ஆள் கூடினால் 90 நிமிடத்தில் எழும்ப வேண்டும் என்று எழுதியிருக்கும், சில இடங்களில் சனி ஞாயிறு மட்டும் தடை. அட்டை இல்லாவிட்டாலும் உட்காருமுன் லெப்டொப்பைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், கேட்டால் யாரும் கோபிப்பதில்லை. ஆளுக்கு ஒரு ஓர்டர் என்பது எழுதாவிட்டாலும் உள்ள விதி.

விலை, கையால் வடிப்பது 500 யென்னில் இருந்து 800 வரை போகும், அரிதான கொட்டை என்றால் 1000ஐத் தாண்டும். தண்ணீர் சும்மா தருவார்கள். டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் அங்கே கிடையாது, கொடுத்தால் பின்னாலேயே ஓடி வந்து திருப்பித் தருவார்கள்.

இப்போது நேரத்தைக் கணக்குப் பாருங்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடுகிறது. கொழும்பு ஒபிஸ் 8.30க்குத் தொடங்கி 5.30க்கு முடிந்தால் உங்களுக்கு அது பகல் 12 மணியில் இருந்து இரவு 9 மணி வரை. நீங்கள் சொல்கிற 4 மணி மீட்டிங் அங்கே இரவு 7.30. ஸ்பெஷல்டி கடைகள் பல 6 மணிக்கோ 7 மணிக்கோ பூட்டிவிடும், அப்படியே ஒன்று திறந்திருந்தாலும் அந்த அமைதிக்குள் இருந்துகொண்டு மீட்டிங் பேச முடியாது, போன் வந்தால் அங்குள்ளவர்கள் எழும்பி வெளியே போய்த்தான் பேசுவார்கள்.

அதனால் நான் சொல்வது, நாளைத் திருப்பிப் போடுங்கள். காலை முழுக்க உங்களுடையது. கடை திறக்கிற நேரத்துக்குப் போய் லெப்டொப்பை வெளியே எடுக்காமல் கோப்பியைக் குடியுங்கள், வடிப்பதைப் பாருங்கள், அந்த நேரத்தில் கடைக்காரருக்கும் பேச மனம் இருக்கும். பிறகு வீட்டுக்குத் திரும்பி வேலையைத் தொடங்குங்கள். முதுகலை மாணவர், அதிலும் லேப் உள்ள துறை என்றால், பகலில் வீட்டில் இருக்கவே மாட்டார், பல நாள் இரவுதான் வருவார். நீங்கள் பயப்படுகிற இட நெருக்கடி பகலில் வராது, இரவு 7 மணிக்குப் பிறகு வருகிற இரண்டு மணித்தியாலத்துக்குத்தான் வழி தேட வேண்டும்.

இடம் என்று பார்த்தால் நகர நடுவில் உள்ள தென்ஜின் பகுதியைச் சுற்றி யாகுயின், கெகோ, இமைஸுமி, தைம்யோ, இந்த நாலுக்குள் நடந்தே பத்துக் கடை பார்க்கலாம். ரெக் கோப்பி என்ற கடை யாகுயினில் இருக்கிறது, அதை நடத்துகிற இவாசே யோஷிகாசு 2016இல் உலக பரிஸ்டா போட்டியில், அதாவது கோப்பி தயாரிப்பவர்களுக்கான உலகப் போட்டியில், இரண்டாவதாக வந்தவர். 2014இல் அந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர் இசாகி ஹிதெனோரியும் ஃபுகுவோகாக்காரர்தான், அவருடைய அப்பா அங்கே ஹனி கோப்பி என்ற கடை வைத்திருந்தவர். அந்த நகரத்துக்குக் கோப்பி அவ்வளவு முக்கியம். ஆனால் ஒன்று, பல்கலைக்கழகத்தின் "இதோ" என்ற பெயருள்ள வளாகம் நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. க்யூதாய் கக்கெந்தொஷி ஸ்டேஷன் பக்கம் வீடு எடுத்தால் வாடகை குறையும், அங்கிருந்து வருகிற ரயில் நேராகச் சுரங்க ரயில் பாதைக்குள் போய்த் தென்ஜினில் விட்டுவிடும், ஆனால் தினமும் போய் வந்தால் ரயில் காசே கோப்பிக் காசுக்கு மேல் போகும். வீடு எடுக்குமுன் இதை இரண்டு பேரும் இருந்து பேசுங்கள்.

பிளக், நம் மூன்று சதுரக் கால் அங்கே ஏறாது. இரண்டு தட்டைக் கால், 100 வோல்ட். லெப்டொப் சார்ஜரில் 100–240 என்று அச்சடித்திருந்தால் ஒரு சின்ன அடப்டர் போதும், இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள். கடைச் சுவரில் பிளக் கண்ணில் பட்டாலும் கேட்காமல் போடக் கூடாது. ஸ்டார்பக்ஸ், டல்லிஸ், டொட்டோர் மாதிரியான பெரிய கடைகளில் கௌண்டர் இருக்கைகளில் வாடிக்கையாளருக்கென்றே பிளக் வைத்திருப்பார்கள், அது பிரச்சினையில்லை.


பதில்: பதுளை சந்தி

அண்ணன் நேரக் கணக்கை நன்றாகச் சொல்லிவிட்டார், நான் விசாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதை முடிக்காமல் எந்தக் கடை நல்ல கடை என்று பார்ப்பதில் பயனில்லை.

ஜப்பான் 2024 மார்ச் கடைசியில் வெளிநாட்டுக் கம்பனி வேலையை அங்கே இருந்து செய்கிறவர்களுக்கு டிஜிட்டல் நோமாட் விசா என்று ஒன்றைக் கொண்டுவந்தது, பலர் அதை நினைத்துக்கொண்டு இருக்கிறார்கள். அதற்கு வருட வருமானம் 1 கோடி யென் வேண்டும், 6 மாதத்துக்குத்தான் தருவார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக இலங்கைப் பாஸ்போர்ட் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அது நமக்கில்லை.

நீங்கள் மாணவரின் மனைவியாகப் போனால் குடும்பத்தோடு தங்கும் விசா கிடைக்கும். அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்யத் தனி அனுமதி எடுக்க வேண்டும், வழக்கமாகத் தருகிற அனுமதி கிழமைக்கு 28 மணித்தியாலம் வரை. சம்பளம் கொழும்பில் இருந்து வந்து கொழும்பு பேங்க்கிலேயே விழுந்தாலும் நீங்கள் உட்கார்ந்து வேலை செய்கிற இடம் ஜப்பான், வருமான வரிக்கும் அதுதான் கணக்கு. முழுநேர வேலை என்றால் 28ஐத் தாண்டும். ஒபிஸில் நேரத்தைக் குறைத்து எழுதித் தருவார்களா என்று இப்போதே கேளுங்கள், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரிவுக்கு உங்கள் கணவர் மெயில் போட்டு உங்கள் நிலைமையை அப்படியே எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கட்டும். "யாருக்குத் தெரியப்போகிறது" என்று சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், விதி மீறினால் கணவருடைய விசாவைப் புதுப்பிக்கிற நேரத்தில் அது பிரச்சினையாக வந்து நிற்கலாம், அவர் கஷ்டப்பட்டு எடுத்த இடம் அது.


பதில்: எல்ல கடைக்காரன்

நான் எல்லயில் சின்னதாய் ஒரு கோப்பிக் கடை நடத்துகிறேன், அதனால் கௌண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறவனாக ஒன்று சொல்ல ஆசை.

சீசனில் காலை ரயில் வந்து இறங்கினால் வாசலில் ஆள் நிற்கும். உள்ளே ஒரு மேசையில் ஒருவர் லெப்டொப், ஹெட்போன், சார்ஜர், டயரி எல்லாம் பரப்பி வைத்துவிட்டு ஒரு கப்புச்சினோவோடு மத்தியானம் தாண்டியும் இருப்பார். நாலு பேர் உட்காரக்கூடிய மேசை. அவர் நல்ல மனிதர்தான், எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது, ஆனால் அந்த மேசை அன்றைக்கு எனக்கு வாடகையைக்கூட உழைத்துத் தராது. பால் விலை, கரண்ட் பில், வேலை செய்கிற இரண்டு பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் அந்தக் கதிரைகளில் இருந்துதான் வர வேண்டும். ஜப்பானில் எட்டுக் கதிரை வைத்து நடத்துகிறவருக்கு இது இன்னும் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த 90 நிமிட அட்டையைப் பார்த்து மனம் நோகாதீர்கள் தங்கச்சி, அந்த மனிதர் கடையை மூடாமல் வைத்திருக்கத்தான் அதை எழுதியிருக்கிறார்.

கடைக்காரன் எந்த வாடிக்கையாளரை ஞாபகம் வைத்திருப்பான் என்றும் சொல்கிறேன். கூட்டம் வரும்போது தானாகவே பையை மடியில் எடுத்து வைக்கிறவர், இரண்டாவது கோப்பியை நாங்கள் கேட்காமலே சொல்கிறவர், போகும்போது வீட்டுக்கு ஒரு பை கொட்டை வாங்கிக்கொண்டு போகிறவர். கொட்டையில்தான் சின்னக் கடைகளுக்கு உண்மையான லாபம். நீங்கள் அங்கே ஒரு கடையில் 200 கிராம் வாங்கி, வீட்டிலேயே வடித்துக் குடித்துக்கொண்டு வேலை செய்தால் உங்கள் காசும் மிச்சம், அந்தக் கடைக்கும் நன்மை. வடிக்கிற சாமான் அங்கே மலிவு. ஹாரியோ கம்பனியின் வி60 என்கிற கூம்பு வடிகட்டியைப் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், கடைகளில் பாவிக்கிற பீங்கானைவிட அது சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும், விழுந்தாலும் உடையாது. பேப்பர் பில்டரும் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும்.


பதில்: கொட்டகலைத் தூறல்

எல்லோருக்கும் மிக்க நன்றி. 28 மணித்தியாலக் கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது, இன்றைக்கே அவரை மெயில் எழுதச் சொல்லியிருக்கிறேன், ஒபிஸிலும் அரைநேரமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்கப் போகிறேன். காலையைக் கோப்பிக்கு வைத்துக்கொள்கிற யோசனை மிகவும் பிடித்திருக்கிறது, அரைநேரம் என்று ஆனால் இன்னும் நல்லது. இனி எனக்கு உள்ள கேள்வி இரண்டு. அந்த இரவு மீட்டிங்கை எங்கே வைப்பது? அப்புறம், இந்த ஸ்பெஷல்டி கோப்பி எல்லாம் ஒரே புளிப்பு என்று ஒரு தோழி சொல்கிறாள், நம் வாய்க்குப் பிடிக்குமா?


பதில்: மாத்தளை மிளகு

மகள், புளிப்புக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். மகன் அங்கே வேலை செய்த காலத்தில் போய் அவனோடு தங்கியிருந்தேன், கோப்பி எனக்கும் பைத்தியம்.

நாம் வீட்டில் குடித்து வளர்ந்தது கறுக்க வறுத்து இடித்த தூள். லயத்துக்குப் பின்னால் நிற்கிற இரண்டு மரத்துப் பழத்தைப் பறித்துக் காயவைத்து, உரலில் இடித்துத் தோல் போக்கி, சட்டியில் வறுக்கும்போதே ஊருக்கெல்லாம் மணக்கும், அதில் இஞ்சியோ மல்லியோ சேர்த்து இடிப்போம். அந்த வாயோடு போய் இளவறுப்பு எத்தியோப்பியாக் கோப்பியை முதல் வாய் குடித்தால் எலுமிச்சைத் தேத்தண்ணி மாதிரித்தான் இருக்கும். அவசரப்பட்டுக் கப்பை வைத்துவிடாதே. அவர்கள் கொட்டையோடு ஒரு சிறு அட்டை தருவார்கள், எந்த நாடு, எந்த மலை, எத்தனை மீட்டர் உயரம், கழுவிக் காயவைத்ததா பழத்தோடே காயவைத்ததா என்று எல்லாம் இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு சூடு ஆற ஆறக் குடி. ஆறும்போதுதான் இனிப்பு மேலே வரும். கழுவாமல் பழத்தோடு காயவைத்ததில் பழ வாசம் தூக்கலாக இருக்கும், நம் வீட்டில் செய்ததும் அந்த முறைதானே.

அப்படியும் பிடிக்காவிட்டால் ஆழ்ந்த வறுப்பு வேண்டும் என்று கேள், அதற்கு ஃபுகுவோகாவில் பெரிய பாரம்பரியமே உண்டு. கோஹி பிமி என்ற கடை 1977இல் தொடங்கியது, மொரிமித்சு முனெஓ என்பவர் தொடங்கியது, எத்தியோப்பியா யேமன் கொட்டைகளுக்குப் பேர்போனவர், 2016இல் காலமாகிவிட்டார், கடை நடக்கிறது. அங்கே பேப்பர் இல்லை, துணியில் வடிப்பார்கள், மெல்லிய நூல்போலச் சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டே நிற்பார்கள். தயவுசெய்து அங்கே லெப்டொப்பைக் கொண்டு போகாதே. அப்படிப்பட்ட பழைய கடைகளைக் கிஸ்ஸாத்தென் என்பார்கள், ஸ்பெஷல்டி கடைகள் வருவதற்குப் பல பத்து வருடம் முந்தியே இருந்தவை. 2020 ஏப்ரலில் கட்டடங்களுக்குள் புகைக்கத் தடை வந்தது, ஆனால் சின்னப் பழைய கடைகள் சிலவற்றுக்கு விலக்கு இருக்கிறது, சிகரெட் வாசம் ஒத்துக்கொள்ளாது என்றால் வாசலில் ஒட்டியிருக்கிறதைப் பார்த்துவிட்டு உள்ளே போ.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஆட்களை இந்த மலைக்கு முதலில் கொண்டுவந்தது கோப்பிக்குத்தான், தேயிலைக்கு இல்லை. 1869இல் மடுல்சீமையில் இலையில் துரு நோய் கண்டது, அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் எல்லாம் போய்விட்டன, அதன் மேல்தான் தேயிலை வந்தது. மன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தே வந்த அந்தச் சனத்தின் பிள்ளைகள் நாங்கள். அங்கே கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டு நீ இலங்கை என்றால் உடனே "சிலோன் டீ" என்பார், அப்போது கோப்பியும் எங்கள் மலையில்தான் விளைந்தது, இப்போது நுவரெலியாப் பக்கமும் எல்லப் பக்கமும் நல்ல அரபிக்காக் கோப்பி திரும்பப் போடுகிறார்கள் என்று தயங்காமல் சொல். கொட்டையோடு பிறந்தவர்களிடம் பேசக் கிடைத்தால் அங்குள்ளவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம். முடிந்தால் இங்கேயிருந்து நல்ல கடையில் கால் கிலோ வறுத்த கொட்டை வாங்கிக்கொண்டு போ, நீ அடிக்கடி போகிற கடைக்குக் கொடுக்கலாம்.

கோப்பியை விட்டு ஒரு வார்த்தை, ஃபுகுவோகா மாகாணத்தில் யாமே என்று தேயிலை ஊர் இருக்கிறது, கியொகுரோ என்கிற உயர்ந்த பச்சைத் தேயிலைக்குப் பேர்போனது. பறிப்பதற்கு முன் செடியை நிழல் போட்டு மூடி வைப்பார்கள். கொழுந்து பறித்த குடும்பத்துப் பெண் ஒரு நாள் அதைப் போய்ப் பார்க்க வேண்டும், ஏப்ரல் கடைசி, மே மாதம் போனால் நல்லது.


பதில்: நமுனுகுல முகில்

அக்கா, நான் பசறைப் பிள்ளை, இப்போது ஒசாகாவில் இருக்கிறேன். இரவு மீட்டிங்குக்கு நான் செய்கிறதைச் சொல்கிறேன்.

கரோக்கே. ஆமாம், பாட்டுப் பாடுகிற இடம்தான். பிக் எக்கோ மாதிரியான கடைகளில் அறையைப் பாட்டில்லாமல் வேலைக்கென்றே மணித்தியாலக் கணக்கில் தருகிறார்கள், கதவைச் சாத்தினால் நீங்கள் பேசுவது வெளியே கேட்காது, வைஃபையும் பிளக்கும் இருக்கும், குடிக்க ஏதாவது சேர்ந்தே வரும். ஆனால் பகலில் மலிவு, இரவிலும் வெள்ளி சனியிலும் விலை ஏறும், பக்கத்து அறையில் கத்திப் பாடுவதும் சுவரைத் தாண்டி வரும். அதனால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நல்ல மைக் உள்ள ஹெட்போன் கட்டாயம் வேண்டும். பெரிய ஸ்டேஷன்களில் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய பெட்டி மாதிரி சின்ன அறைகளும் இருக்கின்றன, போனில் புக் பண்ணிப் போகலாம், 15 நிமிடத்துக்கு இவ்வளவு என்று எடுப்பார்கள். அரை மணித்தியால மீட்டிங் என்றால் அது போதும். பலர் வந்து இருந்து வேலை செய்கிற கோ வேர்க்கிங் இடங்களில் நாள் கணக்கில் இருக்கை கிடைக்கும், அங்கே போன் பேசத் தனி அறை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், சிலவற்றில் கிடையாது.

எனக்குத் தலவாக்கலை அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. சின்னக் கடைகள் எல்லாம் லெப்டொப்பை வெறுக்கிறவை என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். கிழமை நாட்களில் பின்னேரம் 2 மணியில் இருந்து 4 மணி வரை பல கடைகள் சும்மாதான் இருக்கும், அந்த நேரத்தில் போய் அமைதியாக ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் கடைக்காரருக்கே ஆள் இருக்கிறது என்று சந்தோஷம். ஏப்ரல் கடைசியில் இருந்து மே முதல் கிழமை வரை வருகிற லீவு நாட்கள், செர்ரிப் பூ பூக்கும் காலம், ஜூன் ஜூலை மழை, பரீட்சைக் காலத்தில் மாணவர்கள் வந்து குவிகிற நாட்கள், இவற்றில் மட்டும் எங்கேயும் இடம் கிடைக்காது.

கடை வைஃபையில் கம்பனிக் கணக்கைத் திறக்கிறீர்கள் என்றால் தகவலை மற்றவர் பார்க்காமல் பூட்டி அனுப்புகிற விபிஎன் இல்லாமல் திறக்காதீர்கள், சம்பளப் பட்டியல் எல்லாம் உங்களிடம் இருக்கும்தானே. திரையை மற்றவர் பார்க்காமல் மறைக்கிற தாள் ஒன்றும் ஒட்டிவிடுங்கள், மேசைகள் அவ்வளவு நெருக்கம்.

கடைசியாக, வீடு எடுத்த அன்றைக்கே இன்டர்நெட்டுக்கு எழுதிக் கொடுக்க உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ஃபைபர் இழுக்க ஆள் வருவதற்கே சில கிழமைகள் போகும், மார்ச் ஏப்ரலில் எல்லோரும் வீடு மாறுகிற நேரம் என்பதால் இன்னும் இழுபடும். சில கட்டடங்களில் வாடகையோடு இன்டர்நெட்டும் சேர்ந்தே வரும், வீடு பார்க்கும்போது அதை ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் முதல் மாதம் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகத் திரிய வேண்டியிருக்காது.